கொழும்பு மொட்டைமாடியில் ஊசியிலை மரங்கள்: சாடி வளர்ப்பில் இதுவரை கண்டவை

வெள்ளவத்தையில் கடற்காற்று நேரே வந்து மோதும் எங்கள் மொட்டைமாடியில், நோர்போக் தீவு அரோகேரியா, சீன ஜுனிப்பர், பொடோகார்பஸ், தூஜா ஆகிய ஊசியிலை மரங்களைச் சாடிகளில் வளர்த்து வருகிறேன். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, ஒக்டோபர் மழைக்கு முன் கிடைக்கும் இந்த இடைவெளியில், அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதை எழுதி வைக்கிறேன்.

வகைத் தேர்வுதான் பாதி வேலை. நுவரெலியாவுக்கும் ஹக்கலைப் பூங்காவுக்கும் போய்வருகிறவர்கள், அங்குள்ள சைப்பிரஸ் மரங்களைக் கண்டு ஆசைப்பட்டு ஒரு கன்றைக் கொழும்புக்குக் கொண்டுவருவதுண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேல் குளிரில் வளரும் மரத்துக்கு, இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிதான இந்நகரம் ஒத்துவருவது கடினம். மேலைநாட்டு வாழ்த்தட்டைகளில் காணும் ஸ்புரூஸ் போன்றவற்றுக்கோ குளிர்கால ஓய்வே தேவை; அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் ஒழுங்காக விரிவதில்லை. ஆகவே உறைபனி காணாத நோர்போக் தீவின் மரத்தையும், தென்சீனாவிலும் தென்யப்பானிலும் இயற்கையாக வளரும் பொடோகார்பஸையும் முதன்மையாகக் கொண்டேன். நத்தார் காலத்தில் வீதியோர நாற்றுமேடைகளில் 'கிறிஸ்மஸ் மரம்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் அரோகேரியாதான். உப்புக்காற்றை அது நன்றாகத் தாங்குகிறது.

கொழும்பில் இம்மரங்களைக் கொல்வது வெயிலை விட, வேரில் தங்கும் நீரே என்பது என் உறுதியான எண்ணம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊரில், தோட்ட மண்ணை அப்படியே சாடியில் நிரப்பினால், ஓரிரு அடைமழைகளில் அது இறுகிச் சேறாகிவிடும். வெப்பமான அந்த ஈரத்தில் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் போக, அழுகல் பூஞ்சை புகுந்துகொள்ளும். என் கலவையில் பாதிக்கு மேல் பட்டாணி அளவு கருங்கல் சல்லிதான். தூசு போகும்வரை சலித்துக் கழுவி, அதனுடன் உப்பு நீங்க அலசிய தும்புத்தூள், உமிக்கரி, நன்றாக மக்கிய கூட்டுப்பசளை ஆகியவற்றைச் சேர்க்கிறேன். நனைத்த கலவையைக் கையில் பிடித்து இறுக்கித் திறந்தால், உருண்டையாக நிற்காமல் விரல்களுக்கிடையே உதிர வேண்டும். உதிராவிட்டால் இன்னும் சல்லி சேர்க்கிறேன். சாடியின் அடியில் தனியாகக் கல் அடுக்கும் வழக்கத்தை நான் பின்பற்றுவதில்லை. நுண்ணிய கலவையிலிருந்து பருங்கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது என்பதால், ஈரம் தேங்கும் மட்டம் அந்தக் கல் அடுக்குக்கு மேலே உயர்ந்து வேரையே சூழ்ந்துகொள்ளும். சாடிகளைச் செங்கற்களின் மேல் தூக்கி வைத்திருக்கிறேன். அடியில் தட்டு வைப்பதில்லை. தட்டில் நிற்கும் நீரில் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்குள்ளேயே டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைந்துவிடும் என்பதால், மரத்துக்கு நல்லது வீட்டாருக்கும் நல்லதாக அமைந்துவிட்டது.

ஜுனிப்பர்தான் மிகவும் கவனம் கேட்கும் மரம். அதன் வேர் செத்த பின்பும் இலை பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும். பழுப்பைக் கண்டு விழித்துக்கொள்ளும்போது காலம் கடந்திருக்கும். எனவே நிறத்தை நம்பாமல் நுனிகளைப் பார்க்கிறேன்: இளம்பச்சை நுனி புதிதாக நீண்டுகொண்டிருந்தால் வேர் உயிரோடிருக்கிறது என்று பொருள். பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட வெப்பத்தில் சிற்றுண்ணிகள் பெருகுகின்றன. கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால், தூசு போல விழுந்தவை சற்று நேரத்தில் நகரத் தொடங்கும்; விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு படியும். காலை வேளையில் இலையின் அடிப்புறம் படும்படி நீரை வேகமாகப் பீச்சுவதையே முதல் மருந்தாகக் கொள்கிறேன். வெட்டும்போது பச்சை இலை இல்லாத பழைய கிளைப்பகுதி வரை போவதில்லை, ஏனெனில் அங்கிருந்து ஜுனிப்பர் மீண்டும் துளிர்ப்பது அரிது. பொடோகார்பஸ் அப்படியல்ல, வெட்டிய தண்டிலும் துளிர்விடும். முதன்முதலாக ஊசியிலை மரம் வளர்க்க விரும்புவோருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

அரோகேரியாவில் காக்க வேண்டியது உச்சிக்குருத்து. அது முறிந்தால் அடுக்கடுக்கான அந்த வடிவம் குலைந்துவிடும். பக்கக் கிளையை வெட்டி நட்டால் வேர்விட்டாலும், அது நிமிராமல் பக்கவாட்டிலேயே படர்ந்துகொண்டிருக்கும். கரையோரக் காற்று பலமாக வீசும் மாதங்களில் தண்டை மூங்கில் தடியோடு தளர்வாகக் கட்டிவைத்தேன். இப்பருவத்தில் புதிய கிளை வட்டமொன்று சீராக விரிந்திருக்கிறது. நிழல் வலையின் கீழிருந்து வாங்கிய கன்றை நேரடி வெயிலுக்குச் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும், இல்லையேல் தெற்கு, மேற்குப் பக்க ஊசிகள் வெளிறிக் கருகும்.

தூஜா பெரிதாக எதையும் கேட்கவில்லை. பசளை எல்லாவற்றுக்குமே அரைச் செறிவு அல்பேர்ட் கரைசல்தான், அதுவும் புது நுனி நீளும்போது மட்டும். கருநிறப் பிளாஸ்டிக் சாடிகள் பிற்பகலில் கைவைக்க முடியாதபடி சுடுவதால், அவற்றின் வெளிப்புறத்துக்கு வெள்ளை வர்ணம் பூசிவிட்டேன். ஒக்டோபர் மழை தொடங்குமுன், அடித்துளை வழியாக வேர் எட்டிப்பார்க்கும் ஜுனிப்பரை ஓரளவு பெரிய, அகலமான சாடிக்கு மாற்றவிருக்கிறேன். அதற்கான சல்லியைக் கழுவிக் காயவைத்தாயிற்று.