ஸ்பின்னிங் ரீல் பழகுபவர்களுக்கு: முதலில் லைன் போகும் வழியைப் படியுங்கள்

மீன்பிடித் தூண்டிலில் லைனை (நரம்பை) சுற்றிவைக்கும் ஸ்பின்னிங் ரீலைப் புதிதாக வாங்கியவர்கள் எவ்வளவு தூரம் வீசலாம் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் பழகிய வரிசையில் வீசுவது மூன்றாவதாகத்தான் வரும். அதற்கு முன்னால் லைன் எந்த வழியாக ரீலுக்குள் போகிறது, எப்படி வெளியே வருகிறது என்பதை மேசையில் வைத்தே பார்த்துவிடுங்கள். பழகும் முறை, பராமரிப்பு எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

வீசும்போது இந்த ரீலின் ஸ்பூல், அதாவது லைன் சுற்றியிருக்கும் பாகம், சுழலாது. 1905-ல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் இந்த வகை ரீலுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அடிப்படை இதுதான். அசையாமல் நிற்கும் ஸ்பூலின் விளிம்பைத் தாண்டி லைன் வளையம் வளையமாகக் கழன்று ஓடும், திரும்பச் சுற்றும்போது கைப்பிடியோடு சுழலும் ரோட்டர் என்ற பாகம் ஸ்பூலைச் சுற்றி வந்து லைனைப் போர்த்தும். கனமான ஸ்பூலைச் சுழலவைக்க வேண்டியதில்லை என்பதால் இலேசான இரையைக்கூட நன்றாக வீசலாம். ஆனால் லைனில் முறுக்கு ஏறுவதற்கும் இதே அமைப்புதான் காரணம், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரீலாக இருந்தாலும் சரி.

ஆகவே முதல் பாடம், லைன் ஏற்றுவது. புது லைன் உருளையைத் தரையில் படுக்கவைத்து, லைனை ராடின் (தூண்டில் கோலின்) வளையத்துக்குள் கோத்து, ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்தபடி கைப்பிடியைப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றுங்கள். நிறுத்திவிட்டு லைனைக் கொஞ்சம் தளர விட்டுப் பாருங்கள். தானாகச் சுருண்டு பின்னிக்கொண்டால் உருளையைத் திருப்பிப் போட்டுத் தொடருங்கள், அவ்வளவுதான். விளிம்புக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும், ரொம்பக் குறைவாக இருந்தால் லைன் விளிம்பில் உரசித் தூரம் போகாது. பிரெய்டு (பின்னிய இழை லைன்) போடுபவர்கள் அடியில் சில சுற்று மோனோ (ஒற்றை இழை) நரம்பு சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் ஸ்பூல் மேல் வழுக்கும்.

இரண்டாவது டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் லைன் அறாமல் இருக்க ஸ்பூலை வழுக்கவிட்டு லைனை விட்டுக்கொடுக்கும் அமைப்பு. இதில் நேரம் செலவழியுங்கள், நிறையப் பேர் அவசரப்படும் இடம் இது. லைன் தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது பாதுகாப்பு. 10 கிலோ லைன் என்றால் சுமார் 2.5 முதல் 3 கிலோ இழுவையில் டிராக் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். லைன் நுனியில் ஸ்பிரிங் தராசு ஒன்றை மாட்டி இழுத்துப் பாருங்கள், கை மட்டும் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். இன்னொன்று, மீன் இழுத்து டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றவே கூடாது. 5.2:1 கியர் ரீலில் கைப்பிடி ஒரு சுற்று போனால் ரோட்டர் ஐந்து சுற்றுக்கு மேல் ஓடும், லைன் உள்ளே வராது, ஒவ்வொரு ரோட்டர் சுற்றும் லைனில் ஒரு முறுக்காக ஏறும். பதட்டத்தில் ஐம்பது சுற்று சுற்றினால் 260 முறுக்கு! மீன் ஓடும்வரை விடுங்கள், நின்றதும் ராடை நிமிர்த்தி இழுத்து, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள்.

அப்புறம்தான் வீசுவது. ரீலின் காலை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பிடித்து, லைனை ஆள்காட்டி விரல் நுனியில் தூக்கிக்கொண்டு பெயிலை (லைனைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் வளைந்த கம்பியை) திறக்க வேண்டும். முள் இல்லாமல் வெறும் ஈயத்தைக் கட்டி, பின்னால் ஆள் இல்லாத திறந்த இடத்தில் பழகுங்கள். இரை விழப்போகும் நேரத்தில் ஸ்பூல் விளிம்பை விரலால் இலேசாகத் தொட்டு லைனை அடக்கி, பெயிலைக் கையால் மூடி, லைனை ஒரு இழு இழுத்து விறைப்பாக்கிவிட்டுச் சுற்ற ஆரம்பியுங்கள். கைப்பிடியைச் சுற்றினாலே பெயில் மூடிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் பெயிலின் முனையில் லைன் உருண்டு போகும் ரோலரில் உட்காராமல் தொங்கும் தளர்ந்த லைன் அடுத்த வீச்சில் முடிச்சாக வரும்.

பராமரிப்பிலும் லைன் போகும் வழியைத்தான் பார்க்க வேண்டும், குறிப்பாக லைன் ரோலரை. உப்புத் தண்ணீர் உள்ளே காய்ந்து படிந்தால் ரோலர் சுழல்வதை நிறுத்திவிடும், லைன் ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்துக் கோடு போடும், முறுக்கும் கூடும். ஒரு துண்டு லைனை ரோலர் மேல் போட்டு இருபக்கமும் இறுக்கி முன்னும் பின்னும் இழுங்கள், ரோலர் கூடவே உருள வேண்டும். ஸ்பூல் விளிம்பைக் கொஞ்சம் பஞ்சால் துடையுங்கள், எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே கீறல் இருக்கிறது.

கடலிலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கி, மெல்லிய நல்ல தண்ணீரில் அலசுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே தள்ளப்படும், வாளியில் முக்கினாலும் தண்ணீர் உள்ளே போகும். துடைத்து நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்திவிட்டு வையுங்கள், இல்லையேல் வாஷர்கள் நசுங்கியே இருக்கும். ரோலர், பெயில் மூட்டு, கைப்பிடிக் குமிழ் இவற்றுக்கு ஒரு சொட்டு எண்ணெய், உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு கிரீஸ். டிராக் வாஷரில் எண்ணெய் படக் கூடாது. கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் பிடிக்கும் கிளட்சில் கிரீஸ் படவே கூடாது, பட்டால் மீன் கடித்து வெட்டி இழுக்கிற நேரத்தில் கைப்பிடி பின்னால் நழுவும். அந்தப் பகுதியைப் பிரிக்கும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது நல்லது என்பது என் கருத்து. மற்றதை நீங்களே பிரிக்கலாம், ஆனால் ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள், ஏனென்றால் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும் மெல்லிய வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும்.

லைனில் ஏற்கெனவே முறுக்கு ஏறியிருந்தால் வெட்டிப் போட வேண்டியதில்லை. முள், ஈயம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, படகின் பின்னாலோ ஓடும் நீரிலோ வெறும் லைனை நீளமாக விட்டுச் சில நிமிடம் இழுபடவிடுங்கள், முறுக்கு தானே அவிழும். பிறகு துணிக்குள் அழுத்திப் பிடித்தபடி சுற்றிக்கொள்ளுங்கள்.