கிரீன்லாந்து சுறாவின் வயதைக் கண்டறிந்த கதை

கிரீன்லாந்து சுறாவைப் பற்றி வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை, '400 ஆண்டுகள் வாழும் மீன்' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அந்த எண்ணைவிட, அதை எவ்வாறு கணக்கிட்டார்கள் என்பதே சுவையாகப் படுகிறது.

வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக் கடலிலும் வாழும் இச்சுறா, 5 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. உறைநிலையை ஒட்டிய குளிர்நீரே இதற்கு உகந்தது. வடக்கே மேற்பரப்புக்கு அருகிலும் இதைக் காணலாம். தெற்கே குளிர்நீர் ஆழத்தில்தான் கிடைக்கும் என்பதால் அங்கே ஆழ்கடல்வாசியாகிவிடுகிறது. 1988-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், 'சென்ட்ரல் அமெரிக்கா' என்னும் மூழ்கிய கப்பல் கிடந்த இடத்தில், சுமார் 2,200 மீட்டர் ஆழத்தில் இவ்வகைச் சுறா ஒன்று பதிவாகியுள்ளது. மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் என்ற வேகத்தில் நீந்தும் இதன் வயிற்றில் சீல்களின் உடற்பகுதிகள் கிடைத்திருப்பது வியப்புத்தான். நீரில் உறங்கும் சீல்களை இது பிடிக்கிறது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இச்சுறாக்கள் பலவற்றின் கண்களில் ஓர் ஒட்டுண்ணி தொங்கிக்கொண்டிருக்கும். இச்சுறாவின் பச்சை இறைச்சி நச்சுத்தன்மை உடையதாதலால், ஐஸ்லாந்து மக்கள் அதை நொதிக்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, 'ஹாகார்ல்' என்ற பெயரில் உண்கின்றனர்.

எலும்பு மீன்களின் வயதை, காதினுள் இருக்கும் செவிக்கல் என்னும் சிறு சுண்ணாம்புக் கல்லின் வளையங்களை எண்ணிச் சொல்லிவிடலாம். சில சுறாக்களுக்குத் துடுப்பு முள்ளோ, சுண்ணாம்பேறிய முதுகெலும்போ அந்த வேலையைச் செய்யும். கிரீன்லாந்து சுறாவுக்குத் துடுப்பு முள் இல்லை. முதுகெலும்போ மிக மென்மையானது. 1936-இல் அடையாளமிட்டு விடப்பட்ட ஒரு சுறா 16 ஆண்டுகள் கழித்து மீண்டும் பிடிபட்டபோது, அது வளர்ந்திருந்தது வெறும் 8 சென்டிமீட்டர். நீண்ட ஆயுள் என்று ஊகிக்க அது போதும்; எத்தனை ஆண்டு என்று சொல்லப் போதாது.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலியுஸ் நீல்சன் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, கண்ணின் வில்லையைப் பயன்படுத்தியது. வில்லையின் நடுப்பகுதி தாய் வயிற்றிலேயே உருவாகி, அதன் புரதம் பின்னர் புதுப்பிக்கப்படாமல் அப்படியே தங்கிவிடுவதால், அதிலுள்ள கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன், சுறா பிறந்த காலத்துக் கடலின் நிலையைக் காட்டுகிறது. ஆய்வுக்குட்பட்ட 28 பெண் சுறாக்களுள் மிகச் சிறியவற்றில், 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற கார்பன் தடயம் தெரிந்தது. அத்தடயமே இல்லாத, அதாவது அச்சோதனைகளுக்கு முன்பே பிறந்த பெரியவற்றுக்கு, உடல் நீளத்தையும் சேர்த்துப் புள்ளியியல் முறையில் வயது கணக்கிடப்பட்டது. 502 செ.மீ. நீளமிருந்த சுறாவுக்குக் கிடைத்த விடை 392. கூட்டவோ குறைக்கவோ வேண்டிய பிழை எல்லை 120 ஆண்டுகள். அதாவது 272 முதல் 512 வரை எதுவாகவும் இருக்கலாம். செய்திகளில் இந்தப் பிழை எல்லையை விட்டுவிடுவது, கணக்கிட்டவர்களின் நேர்மையையே விட்டுவிடுவதாகும். குறைந்தபட்சமான 272 ஆண்டுகளே, முதுகெலும்பிகளில் வேறெதற்கும் அறியப்படாத ஆயுள்.

பெண் சுறா இனப்பெருக்கப் பருவத்தை எட்டுவது சுமார் 4 மீட்டர் நீளத்தில். அதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன என்பதும் இதே கணக்கிலிருந்து கிடைத்ததே. முன்பு ஈரல் எண்ணெய்க்காக இதைப் பெருமளவில் வேட்டையாடினர். இன்று வேறு மீன்களுக்கு வீசும் வலைகளிலும் தூண்டில்களிலும் சிக்குகிறது. அவ்வாறு சிக்கும் 3 மீட்டர் பெண் சுறா, பார்வைக்குப் பெரிதாயினும், ஒருமுறைகூடக் குட்டி ஈனாததாகவே இருக்கும்.