டிடெக்டிவுக்கு நகல் கிடையாது

வழக்கு இப்போது செஷன்ஸ் நீதிமன்றத்தில் இருக்கிறது. அதனால் ஊர், பள்ளிக்கூடம், ஆட்கள் என்று எந்தப் பெயரும் சொல்லப்போவதில்லை. நீலகிரியில் ஓர் ஊர். பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்த செட். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு ஹோம்ஸ்டேயில் கெட்டுகெதர். மறுநாள் காலை அவர்களில் ஒருவர் சரிவுக்குக் கீழே வாய்க்காலில் பிணமாகக் கிடந்தார். குடித்திருந்தார், பனிமூட்டம், கால் தவறிவிட்டது என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து இறந்தவரின் அக்கா கோவையில் இருக்கும் என் டிடெக்டிவ் ஆபீஸுக்கு வந்தார். "தம்பி, அவன் அந்தச் சரிவுலயே பொறந்து வளந்தவன். கண்ணக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேருவான்."

கொலையைத் துப்பறிந்த கதை வேண்டும் என்று வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். இந்த வேலையில் முக்கால்வாசி, ஏற்கெனவே எழுதிவைத்த காகிதங்களைக் கையில் வாங்குவது. அதிலும் இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் தனி உரிமம் என்று ஒன்றே கிடையாது. 2007-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், அது சட்டமாகவே இல்லை. செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கு 2005-ல் சட்டம் வந்துவிட்டது, நமக்கு இல்லை. ஆகவே என் விசிட்டிங் கார்டை ஸ்டேஷன் ரைட்டர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிடெக்டிவா? சினிமாலதான் பாத்திருக்கேன். நகலெல்லாம் உங்களுக்குத் தரமுடியாது சார்" என்றபோது சட்டப்படி அவர் சொன்னதில் தப்பே இல்லை. சொன்ன விதத்தைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

எனவே முதல் எச்சரிக்கை: எந்த மனுவும் ரத்த சொந்தத்தின் பெயரில், அவர்கள் கையெழுத்தில் போகட்டும். டிடெக்டிவ் பை தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கட்டும். பக்கத்தில் ஒரு வக்கீல் வக்காலத்தோடு நின்றால் நாற்காலியே கிடைக்கும்.

எஃப்.ஐ.ஆர். நம்பர் அக்காவுக்குத் தெரியாது. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்க மாவட்டம், நிலையம், வருஷம், நம்பர் எல்லாம் வேண்டும். கடைசியில் நம்பர் கிடைத்த இடம், சவக்கிடங்கில் உடலைக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்கிய காகிதம். அதை அக்கா இறந்தவரின் சட்டையோடு மடித்து பீரோவில் வைத்திருந்தார். அந்த நேரத்தில் எந்தத் துண்டுச் சீட்டைக் கொடுத்தாலும் தூக்கிப்போடாதீர்கள்.

எஃப்.ஐ.ஆரைப் படித்ததும்தான் ஏன் இத்தனை நாள் வீட்டுக்கு ஒரு தகவலும் வரவில்லை என்பது விளங்கியது. புகார்தாரர் அந்த செட்டில் ஒருவர். இலவச நகல் போனது புகார் கொடுத்த அவருக்கு, விசாரணை முடிந்துவிட்டது என்று சொல்லப்பட்டதும் அவருக்கு. 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுத்தவரும் அவரேதான். குடும்பம் இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது "நீங்க அலைய வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்" என்று நண்பர்கள் ஓடி ஓடிச் செய்வார்கள். செய்யட்டும். புகாரில் மட்டும் வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

அடுத்த கூத்து பெயரில். பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒருவரையொருவர் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் இல்லையா, இந்த செட்டில் அந்தப் பழக்கம் தலை நரைத்த பிறகும் போகவில்லை. புகார்தாரர் எழுதிக் கொடுத்த இறந்தவரின் பெயர், உண்மையில் இறந்தவருடைய அப்பாவின் பெயர். எஃப்.ஐ.ஆரில் அதுவே ஏறி, பிரேதப் பரிசோதனைக்கான கோரிக்கையிலும் அதுவே போய்விட்டது. இறப்புச் சான்றிதழில் மட்டும் ஆதார்படி சரியான பெயர். இரண்டையும் நீட்டியபோது கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பெயர்ல இதே வீட்டு விலாசத்துல ஒருத்தர் பத்து வருஷம் முன்னாடியே இறந்துட்டாரேம்மா" என்றார். அப்பா இரண்டாம் முறை செத்திருக்கிறார். அக்காவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகம். இருவரும் ஒருவரே என்று ஒரு அஃபிடவிட், நோட்டரி முத்திரை, வாரிசுச் சான்று, மறுபடி வரிசை.

வீணாகப் போன பயணம் என்றால் நீதிமன்ற நகல் பிரிவுக்குப் போனதுதான். சந்தேக மரணத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டால் அது ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டிடம் இருக்கும் என்று என் வக்கீல் உள்படப் பலரும் நினைக்கிறார்கள். இருக்காது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-ம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 194-ம் பிரிவு. இந்தப் பிரிவில் ஃபைல் போவது வருவாய்த் துறைப் பக்கம், நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம். ஸ்டேஷனில் இன்னமும் '174 கேஸ்' என்றுதான் சொல்கிறார்கள், ரிஜிஸ்டரில் 194 என்று இருக்கும். இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டதற்கு 8(1)(h) என்று, அதாவது விசாரணை பாதிக்கும் என்று, ஒரு வரிப் பதில் வந்தது. மூடிய ஃபைலுக்கு என்ன விசாரணை பாதிக்கும் என்று மேல்முறையீட்டில் கேட்டோம். அதற்குப் பதில் வருவதற்குள் நேரடியாக விண்ணப்பித்த சான்றிட்ட நகல் கிடைத்துவிட்டது.

அதுவும் உடனே இல்லை. கிளார்க் லீவு, அப்புறம் மலையில் கரண்ட் இல்லை, அப்புறம் ஜெராக்ஸ் மெஷின். "நாளைக்கு வாங்க" என்று சொல்பவருக்கு நாங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு வருகிறோம் என்ற கவலை எதற்கு? ஸ்டாம்ப் ஒட்டிய விண்ணப்பத்துக்குத் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புகை கேட்ட மறு நிமிஷமே குரல் மாறும்.

கையில் வந்தவை இரண்டு: பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை. தனித்தனியாகப் படித்தால் இரண்டிலும் ஒன்றுமில்லை. ஒரு ராத்திரி இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். போலீஸ் அறிக்கையில் உடல் குப்புறக் கிடந்தது, முகம் வாய்க்காலின் மண்ணில். டாக்டர் அறிக்கையில் இறப்புக்குப் பிந்தைய ரத்தத் தேக்கம் முதுகுப் பக்கம். உயிர் போனதும் ரத்தம் உடம்பின் தாழ்ந்த பக்கத்தில் இறங்கித் தங்கும். சில மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, பிறகு அப்படியே நிலைத்துப்போகும். அதற்கப்புறம் புரட்டிப் போட்டாலும் கறை இடம் மாறாது. குப்புற விழுந்து குப்புறவே செத்தவருக்கு முதுகில் எப்படி? தேயிலைச் செடி தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் உறுத்தும். அந்தச் சரிவில் உருண்டால் கவாத்து செய்த கிளைகள் கையையும் முகத்தையும் கிழிக்காமல் விடாது. உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பும் குறிக்கப்படவில்லை. இறுதிக் கருத்து, உள்ளுறுப்பு ஆய்வு முடிவுக்காக நிலுவையில் இருந்தது. அந்த முடிவு வருவதற்கு முன்பே ஃபைல் மூடப்பட்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற தடயவியல் மருத்துவப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். கறாரான மனிதர். "கொலைன்னு இத வச்சு நான் எழுதமாட்டேன். செத்து ரொம்ப நேரம் மல்லாந்து கிடந்த உடம்பு, பிறகு இடம் மாறியிருக்கு. அவ்வளவுதான்." அந்த 'அவ்வளவுதான்' எங்களுக்குப் போதும். தூக்கும்போது உடலைப் புரட்டியிருப்பார்கள் என்று பின்னால் ஒரு வாதம் வந்தது. நிமிஷக் கணக்கில் புரட்டுவதற்கும் மணிக்கணக்கில் தங்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவர் எழுதிக் கொடுத்த அரைப் பக்கமே அதற்கும் பதிலானது.

நண்பர்கள் கதைக்கு வருகிறேன். டிடெக்டிவ் கேட்டால் யாரும் பதில் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. இருந்தும் எல்லோரும் பேசினார்கள், டீயும் வர்க்கியும் கொடுத்தார்கள். தொந்தரவு என்னவென்றால் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "பதினோரு மணிக்கு நாங்க படுத்துட்டோம், அவன் வெளிய ஃபோன் பேசிட்டிருந்தான்." பெங்களூரில் ஒருவர், திருப்பூரில் ஒருவர், உள்ளூரில் ஒருவர், மூவருக்கும் 'பதினோரு மணி', 'வெளிய ஃபோன்', வார்த்தை வரிசைகூட மாறவில்லை. வாட்ஸாப் குரூப்பில் யாரோ எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்தது போல. குரூப்பைப் பார்க்கலாமா என்றால், துக்கத்தில் அட்மின் எல்லோரையும் நீக்கிக் கலைத்துவிட்டாராம், ஆளுக்காள் சாட்டையும் அழித்துவிட்டார்களாம். சரி. கெட்டுகெதருக்கு வரமுடியாமல் ஷார்ஜாவில் உட்கார்ந்திருந்த ஒருவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். குரூப்பிலிருந்து நீக்கினாலும் பழைய சாட் அவரவர் ஃபோனில் அப்படியே இருக்கும். வரமுடியாத ஏக்கத்தில் மனிதர் ஒரு ஃபோட்டோகூட அழிக்கவில்லை.

புகார்தாரர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது: வேலை இருந்ததால் முந்தின ராத்திரி வரமுடியவில்லை, காலையில் தகவல் கேட்டுத்தான் கோவையிலிருந்து மலை ஏறினேன். ஆனால் சில நாள் முன்பு, இ-பாஸ் எப்படி எடுப்பது என்று கேட்டவர்களுக்கு மாதிரி காட்டுவதற்காகத் தன்னுடைய பாஸையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளி வண்டிகளுக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். அந்தப் பாஸ் முந்தின நாளுக்கு. 'பாஸ் எடுத்தார், அப்புறம் வரவில்லை' என்று சொல்லிவிடலாம்தான். சோதனைச் சாவடிப் பதிவு இருந்தால் தெரிந்துவிடும், ஆனால் அது எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. பெட்ரோல் பங்க் கேமராவும் அப்படித்தான், போலீஸ் கடிதம் இல்லாமல் மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹோம்ஸ்டே கேமராவில் பழைய பதிவின் மேல் புதியது ஏறி எப்போதோ அழிந்துவிட்டது. சந்தேகம் வந்த அன்றே, 'இன்ன தேதிப் பதிவை அழிக்காமல் வையுங்கள்' என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கே வந்தார். காசு கொடுத்தால் புகார்தாரரின் ஃபோன் கால் விவரம் மொத்தமும் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அக்கா சம்மதம் என்று தலையாட்ட, நான்தான் தடுத்தேன். 2018-ல் மகாராஷ்டிரத்தின் தானேயில் இதே வேலைக்காகத் தனியார் டிடெக்டிவ்கள் கைதானது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முறையாக விசாரணை தொடங்கினால் போலீஸே அதை வாங்கிவிடும், நாம் எதற்கு உள்ளே போகவேண்டும்?

ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து மனுவில் குத்தினால் வேலைக்கு ஆகாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவில் சான்றிதழ் வேண்டும், ஹாஷ் மதிப்போடு (ஃபைலை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் எண்). ஃபோன் வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். ஷார்ஜாக்காரர் லீவுக்கு வரும்வரை காத்திருந்தோம். ஃபோட்டோக்களை வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், எடுத்த நேரம் உள்ளிட்ட விவரங்கள் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் ஃபோனையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

காரணம் என்னவாக இருக்கும் என்று தேடியபோது அக்கா பழைய பாஸ்புக்கைக் கொண்டுவந்தார். புகார்தாரருக்குப் பெரிய தொகை ஒன்று போயிருந்தது. அதற்கு எழுதிய புரோநோட்டின் ஜெராக்ஸ் மட்டும் வீட்டில், ஒரிஜினல் இல்லை. புரோநோட்டை வைத்து வழக்குப் போட மூன்று வருஷம்தான் காலம், அது முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. இதற்கு மேல் நான் எழுதினால் வக்கீல் திட்டுவார்.

நிலையத்தில் மறு விசாரணை கேட்டுக் கொடுத்த மனுவை வாங்கவே மறுத்தார்கள். மேலிடங்களில் மனு கொடுத்தால் அது சுற்றிச் சுற்றி அதே நிலையத்துக்கே 'உரிய நடவடிக்கைக்கு' என்று வரும், எத்தனை பேருக்கு இது நடந்திருக்கிறது என்று கேட்டால் கை தூக்காதவர் இருக்கமாட்டார். நாங்கள் பி.என்.எஸ்.எஸ். 173(4)-ன்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்த ரசீதை வைத்து 175(3)-ல் மாஜிஸ்திரேட்டிடம் போனோம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய அத்தாட்சியும் அஃபிடவிட்டும் இல்லாமல் மாஜிஸ்திரேட் மனு நிற்காது. மனுவில் யாரையும் கொலைகாரன் என்று எழுதவில்லை. குப்புறக் கிடந்த உடல், முதுகில் தேக்கம், வராத ஆய்வு முடிவு, முந்தின நாள் இ-பாஸ் என்று நான்கே விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே நகலின் பக்க எண். போலீஸின் பதிலைக் கேட்டுவிட்டு மாஜிஸ்திரேட் விசாரிக்க உத்தரவிட்டார். வேறு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். சோதனைச் சாவடிப் பதிவில் அந்த வண்டி முந்தின இரவே மலை ஏறியிருந்தது. வழக்கின் பிரிவுகளை மாற்றும் ஆல்டரேஷன் ரிப்போர்ட் போட்டு, புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ல் கொலைக்கு 103(1)-ம், தடயத்தை மறைத்ததற்கு 238-ம் சேர்த்தார்கள். கைது, ரிமாண்ட், குற்றப்பத்திரிகை எல்லாம் செய்தித்தாளில் நான்கு வரியாக வந்தன.

ஆல்டரேஷன் ரிப்போர்ட்டின் நகலை அக்காவிடம் கொடுத்தவர் முதல் நாள் என் கார்டைத் திருப்பிப் பார்த்த அதே ரைட்டர். "உக்காருங்கம்மா" என்றார். எனக்கு நாற்காலி இல்லை, பரவாயில்லை.

இப்போது பெங்களூர், திருப்பூர் நண்பர்கள் மாற்றி மாற்றி ஃபோன் செய்கிறார்கள், சாட்சிக்கு அவ்வளவு தூரம் வரத்தான் வேண்டுமா என்று. சம்மன் வந்தால் வரத்தான் வேண்டும். வெளியூர் வண்டியென்றால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.