சென்னைக்காரனுக்கே தண்ணி காட்டுன கெய்ன்ஸ்வில் வெயில்

ஃப்ளோரிடால கெய்ன்ஸ்வில்ல படிக்கிற தம்பிய பாக்க ஒரு செப்டம்பர்ல போயிருந்தேன், வந்ததுதான் வந்த, ஒரு காலேஜ் ஃபுட்பால் மேட்ச் பாத்துட்டு போண்ணான்னான். ஃபுட்பால்னா நம்ம உதைக்கிற ஆட்டம் இல்லைங்க, முட்டை ஷேப் பந்த கக்கத்துல இடுக்கிக்கிட்டு மோதிக்குவாங்களே, அது. "தொப்பி போட்டுக்கோண்ணா"ன்னு கெஞ்சுனான். மே மாசம் பாரீஸ் கார்னர்ல பஸ்ஸுக்கு நிக்கிறவன்டா நான்னு கெத்தா கெளம்பிட்டேன்.

மத்தியானம் 12 மணி மேட்ச். ஸ்டேடியம் பேரு பென் ஹில் கிரிஃபின், ஆனா ஊர்ல எல்லாரும் சொல்றது 'தி ஸ்வாம்ப்', சதுப்பு நிலம். தம்பி காலேஜ் டீமுக்கு கேட்டர்ஸ்னு முதலை பேரு, அதுக்கேத்த மாதிரி 1990கள்ல கோச்சா இருந்த ஸ்டீவ் ஸ்பரியர் வச்ச பேரு. 1930லயே ஒரு பள்ளத்துல கட்டுனது, இப்ப சுத்தியும் 88,000 பேர் உக்கார்ற ஸ்டாண்டு செவுரு மாதிரி நிக்குது, காத்து எங்கேர்ந்து வரும்? எங்க சீட்டு கிழக்கு பக்கம், நேரமாக ஆக வெயில் நேரா மூஞ்சில. அலுமினிய பெஞ்சு வேற. தோசைக்கல்லேதான்.

போன்ல பாத்தா 33 டிகிரி. இதுவா வெயிலுன்னு தோணிச்சு, அப்பறம்தான் உறைச்சுது, நம்மூர்ல நாம எங்க மூணரை மணி நேரம் அசையாம வெயில்ல உக்காருறோம், நிழலா பாத்து ஒதுங்கிருவோம்ல.

எனக்கே இப்படின்னா கீழ 130 கிலோ ஆளுங்க, தலைல ஹெல்மெட், தோள்ல பேடு. வேர்வை காஞ்சாத்தான் உடம்பு குளிரும், இங்க காத்துலயே ஈரம் ரொம்பி கெடக்கறதால சொட்டுதே ஒழிய காயல. வடக்கேர்ந்து வந்த டீம்ல மூணாவது குவார்ட்டர்லேர்ந்து (ஆட்டத்த நாலு பாகமா பிரிப்பாங்க, அதுல ஒண்ணுதான் குவார்ட்டர்) கெண்டைக்கால புடிச்சிக்கிட்டு ஒவ்வொருத்தனா படுக்க ஆரம்பிச்சான். கேட்டர்ஸ் பசங்க ஆகஸ்ட் முழுக்க இதே வெயில்ல ப்ராக்டிஸ் பண்ணி பழகுனவங்க, அவங்களுக்கும் முடியல, ஆனா நின்னாங்க.

ஆட்டக்காரங்க குடிக்கிற கேட்டரேட் பானம் பொறந்ததே இங்கதான்னு தம்பி சொன்னான். 1965ல அசிஸ்டென்ட் கோச் ஒருத்தர், மேட்ச் நேரத்துல பசங்களுக்கு ஏன் ஒண்ணுக்கே வரமாட்டேங்குதுன்னு டாக்டர் ராபர்ட் கேட் கிட்ட கேட்டிருக்கார். பூரா தண்ணியும் வேர்வையா போயிருதுன்னு உப்பு, சக்கரை போட்டு கலக்கிருக்காங்க, வாய்ல வைக்க முடியலன்னு டாக்டர் வீட்டம்மா சொல்லித்தான் எலுமிச்சை சாறு சேந்துச்சாம். நம்ம பாட்டி குடுக்கற உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ்தானடா இதுன்னேன், முறைச்சான்.

நாலாவது குவார்ட்டர்ல கருமேகம் வந்துச்சு, அப்பாடான்னு கைதட்டுனா, மின்னல்! கிட்டக்க மின்னல் அடிச்சா 30 நிமிஷம் ஆட்டத்த நிறுத்திருவாங்க, நடுவுல இன்னொண்ணு அடிச்சா திரும்ப மொதல்லேர்ந்து 30. 2014ல இதே கிரவுண்டுல ஐடஹோ காலேஜ் டீம் கூட நடந்த மேட்ச், ஆட்டத்த ஆரம்பிக்கிற மொத உதையோட (கிக்கோஃப்) நின்னு கடைசில கேன்சலே ஆயிருச்சாம். நாங்க ஸ்டாண்டுக்கு அடில நிழல்ல ஒதுங்கினோம், சிமெண்ட் தரை ஜில்லுன்னு இருந்துச்சு, மேட்ச் திரும்ப ஆரம்பிச்சப்பவும் நான் எந்திரிக்கல.