சிங்கத்த தேடுங்க, பளபளப்ப நம்பாதீங்க

வெள்ளிக் கழுத்து வச்ச பழைய கண்ணாடி டிகேன்டர் (ஒயின் ஊத்தி வைக்குற குடுவை) போட்டோவ அனுப்பி "இது ஒரிஜினலா"ன்னு இன்பாக்ஸ்ல கேக்குறாங்க, போட்டோவ வச்சு நான் என்னங்க சொல்றது, ஒரு லென்ஸ் எடுத்து அந்த வெள்ளில இருக்குற முத்திரைய பாருங்க முதல்ல. நடந்து போற சிங்கம் இருந்தா இங்கிலாந்து ஸ்டெர்லிங், அதாவது 1000ல 925 பங்கு வெள்ளி. கூடவே நங்கூரம்னா பர்மிங்காம்ல சோதிச்சு முத்திரை போட்டது, சிறுத்தைத் தலைன்னா லண்டன்ல. பக்கத்துல ஒரு எழுத்து இருக்கும்ல, அதுதான் வருஷம், ஆனா எழுத்த மட்டும் பாத்து முடிவு பண்ணிடாதீங்க, எழுத்தோட ஸ்டைல், அதச் சுத்தி இருக்குற கட்டத்தோட வடிவம் எல்லாம் சேந்தாதான் சரியான வருஷம் வரும். இ.பி.என்.எஸ்.னு (நிக்கல் கலந்த உலோகத்து மேல வெள்ளி பூசுனது) இருந்தா வெறும் முலாம், விக்டோரியா காலத்துப் பீஸா இருந்தாலும் முலாம் முலாம்தான்.

அப்புறம் கண்ணாடி மூடி. சிலதுல கழுத்துலயும் மூடிலயும் ஒரே நம்பர் கீறியிருப்பாங்க, ரெண்டும் வேற வேறன்னா மூடி எங்கேயோ மாறிப்போச்சு, விலைய பேசிக் குறைங்க.

கழுவுறப்போ சுடுதண்ணில மட்டும் முக்கிடாதீங்க. வெள்ளியையும் கண்ணாடியையும் நிறைய பீஸ்ல பிளாஸ்டர் வச்சுதான் ஒட்டியிருப்பாங்க, எனக்கு அது தெரியாம ஆசையா ஊறவச்சு எடுத்தா கழுத்து தனியா கைல வந்துருச்சு (அன்னிக்கு சாப்பாடே எறங்கல). இன்னொண்ணு, பழைய கிரிஸ்டல்ல ஈயம் இருக்கும், ஒயின ஊத்தி நாள்கணக்குல வைக்காதீங்க, மேசைக்கு வர்ற நேரத்துக்கு மட்டும் போதும்.

உள்ள புகை படிஞ்ச மாதிரி இருக்குறத எப்படி எடுக்குறதுன்னு கேக்காதீங்க, கண்ணாடியே அரிச்சுப்போயிருந்தா எந்த வினிகருக்கும் அது போகாது.