போர்டுக்கு வயது என்ன? ஜிப்சம் ஓரக் கேள்வியில் தோற்றதும் தேறியதும்

முடிவு நேற்று வந்தது. பாஸ், இரண்டாவது முயற்சியில். முதல் முறை என்னைக் கவிழ்த்தது வடிவமைப்புத் தாளில் வந்த ஜிப்சம் போர்டு (இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஜிப்சம் இறுகிய சுவர்ப் பலகை) ஓரக் கேள்வி. இந்த முறையும் அதுவே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற பகுதிகளை என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் சொல்லட்டும்.

முதல் முறை வந்த கேள்வி: "தயாரிப்பின்போது உடையாத ஓரத்தை வடிவமைக்கவும்." இதில் "தயாரிப்பின்போது" என்ற சொல் என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. சுவரில் அடித்த போர்டை நினைத்துக்கொண்டு சரிவு ஓரம் (மூட்டுப் பூச்சுக்காக மெலிந்துபோகும் ஓரம்), திருகு தூரம், மூட்டு நாடா என்று அழகாக வரைந்தேன். 12.5 மி.மீ. போர்டு ஓரத்தில் 1.5 மி.மீ. சரிந்து 11 ஆகிறது. வளைவு வலிமை தடிமனின் வர்க்கத்தோடு போகும் என்று வைத்து 11/12.5-ஐ வர்க்கப்படுத்தினால் 0.77. ஆக 23 சதவீதம் இழப்பு. அதற்கு இரண்டு அடிக்கோடு வேறு.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்டது ஒன்றுதான்: "தயாரிப்பு வரிசையில் கத்தி வெட்டும்போது இந்தப் போர்டுக்கு வயது என்ன?"

சில நிமிடங்கள். அவ்வளவுதான். இறுகியிருக்கும், ஆனால் உள்ளே தண்ணீர் ஊறிக் கிடக்கும். 100 கிலோ சுட்ட ஜிப்சம் வினைபுரிய 18.6 கிலோ தண்ணீர் போதும். இரண்டும் கலந்த குழம்பு ஓட வேண்டுமே என்று அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஊற்றுகிறோம். மிச்சமெல்லாம் உலர்த்திக்குப் போகும்வரை போர்டுக்குள்தான் இருக்கும். காகிதமும் நனைந்து தளர்ந்திருக்கும். நான் போட்டதோ காய்ந்த போர்டின் கணக்கு. போதாக்குறைக்கு, வர்க்கக் கணக்கு ஒரே பொருளாலான கட்டைக்குத்தான் முழுதாகப் பொருந்தும். காகிதம் இழுவையைத் தாங்கும் இந்த மாதிரி அடுக்கில் இழப்பு 12 சதவீதத்தை ஒட்டியே வரும். அதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஃபெயில் போட்டுவிட்டுச் சொல்லிக் கொடுத்தார், அது தனிக் கதை.

இரண்டாம் முறை நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. போர்டு போகும் வழி முழுக்க ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூன்று கேள்வி கேட்டேன்: எவ்வளவு ஈரம்? எந்த முகம் மேலே? ஓரத்தை எது தொடுகிறது?

ஓரத்தில் காகிதத்தை மடிக்கும் இடத்தில்: முகக் காகிதம் (அறைப் பக்கம் தெரிவது) கீழே. இரு பக்கமும் சக்கரம் இரண்டிரண்டு கோடு கீறும். அந்தக் கோடுகளின் இடைவெளிதான் ஓரத்தின் உயரம். ஆழமாகக் கீறினால் நார் அறுந்து பின்னால் கிழியும். மேலோட்டமாகக் கீறினால் மடிப்பு படியாமல் ஓரம் உப்பும். 1894-இல் அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை வாங்கிய பலகைக்கு இந்த மடிப்பே கிடையாது, ஓரம் திறந்தே இருந்தது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு உதவும்.

திருப்பும் இயந்திரக் கைகளில்: எனக்கு மதிப்பெண் கொட்டியது இங்கேதான். வெட்டிய ஈரப் போர்டைக் கைகள் புத்தகப் பக்கம் மாதிரிப் புரட்டி முகத்தை மேலே கொண்டுவரும். பாதி வழியில் போர்டு செங்குத்தாக நிற்கும். அந்தக் கணத்தில் அதன் முழு எடையும் ஒரே நீள ஓரத்தின் மேல். சரிவால் மெலிந்த, ஈரமான ஓரம். கீழே கையின் அடிமுனை. இதைப் படமாக வரைந்தேன், அம்புக்குறி போட்டேன், பக்கத்தில் "இங்கே நசுங்கும்" என்று எழுதினேன்.

இதற்குத் தீர்வாக எல்லாரும் எழுதுவது: நடுவில் எடை குறைய நுரை கலந்த குழம்பு இருக்க, ஓரத்துக்கு மட்டும் நுரை கலக்காத அடர்த்தியான குழம்பைத் தனிக் குழாயில் விடுவது. சரிதான், ஆனால் அங்கேயே நிறுத்தாதீர்கள். ஓரக் குழம்பும் நடுக் குழம்பும் ஒரே வேகத்தில் இறுக வேண்டும். ஓரம் பிந்தினால் கத்திக்கு வரும்போது பிசைந்த மாவு மாதிரி இருக்கும்.

உலர்த்தியில்: ஓரம் முதலில் காயும். அதிகம் காய்ந்தால் ஜிப்சம் திரும்பச் சுட்ட மாவாகிக் காகிதம் உரியும். ஸ்டார்ச் தண்ணீரோடு காகிதப் பக்கம் நகர்ந்து அந்தப் பிடிப்பைக் காக்கிறது. காய்ந்த போர்டுகளை அடுக்கும்போது முகத்தோடு முகம் வைப்பார்கள், 1.5-உம் 1.5-உம் சேர்ந்து ஓரத்தில் 3 மி.மீ. சந்து. கட்டும் பட்டையை இறுக்கினால் அந்த இடம் வளையும்.

அப்புறம் சில துண்டுக் குறிப்புகள்:

- ஏஎஸ்டிஎம் சி473 என்ற அமெரிக்கத் தரத்தின் ஓரக் கடினச் சோதனையை மேற்கோள் காட்டலாம். ஆனால் எஃகு முள்ளை அழுத்துவது பதப்படுத்திய காய்ந்த போர்டில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூடுதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.
- ஐரோப்பியத் தரம் 520-இல் சரிவின் ஆழம் 0.6 முதல் 2.5 மி.மீ., அகலம் 40 முதல் 80 மி.மீ. மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் இவை மட்டுமே.
- குறுக்குவெட்டை முழு அளவில் வரையுங்கள். எனக்குப் படம் வரும், உரைநடை வராது. உங்களுக்கு நேர்மாறாக இருந்தால் இதை விட்டுவிடலாம்.
- ஒரு முழம் போர்டுத் துண்டை வாளித் தண்ணீரில் ஊறவைத்து ஓரத்தின் மேல் நிறுத்திக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரக் காகிதம் விரலோடு வழுக்கும். வாய்மொழித் தேர்வில் இதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எத்தனை நேரம் ஊறவைத்தாய்?" என்று கேட்டார்.