உறையின் பின்பக்கத்துப் பெயர்கள்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக இசை நூலகத்தில் எனக்கு வேலை. பழைய எல்.பி. இசைத்தட்டுகளை கேட்லாக் செய்வது. நாள் முழுக்கப் பாட்டு கேட்கும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கேட்பதைவிடப் படிப்பதுதான் அதிகம். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிள், உறையின் முன்பக்கம், பின்பக்கம், உள்ளே மடித்துச் செருகிய தாள் என்று எல்லாவற்றையும் படித்து, ஒவ்வொரு பெயரையும் கணினியில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

நூலகங்கள் பயன்படுத்தும் 'மார்க்' முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. முதன்மைக் கலைஞர் 100இல் வருவார். யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்ற குறிப்பு 511இல். ஒலிப்பதிவு, தயாரிப்பு போன்றவற்றில் கைகொடுத்தவர்கள் 508இல். இந்தக் குறிப்புகளில் பெயர் உறையில் அச்சான மாதிரியே கிடக்கும். தலைப்பெழுத்து மட்டும் இருந்தால் தலைப்பெழுத்து, எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு. ஒருவரை 700 என்ற கட்டத்தில் தனியாகப் பதிந்தால்தான், அவர் எத்தனை பெயர்களில் வாசித்திருந்தாலும் எல்லாத் தட்டுகளும் ஓரிடத்தில் சேரும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் ஜாஸ் தட்டுகளுக்கு பேண்டின் பெயரும் தலைவரின் பெயரும் போதும் என்பதுதான் நான் சேர்ந்தபோது வழக்கமாக இருந்தது.

ஜாஸ் பேண்டின் தலைவர் பெரும்பாலும் ஆண். பிறகு கேட்லாக்கில் யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இது எனக்கு உறைத்தது மெல்பா லிஸ்டன் என்ற பெண் கலைஞரால். இறந்துபோன ஒரு ரசிகரின் குடும்பம் எங்களுக்குக் கொடுத்த பெட்டிகளில் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனின் தட்டுகள் பல இருந்தன. ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்தால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அதே பெயர்: அரேஞ்ச்மென்ட், மெல்பா லிஸ்டன். 1958இல் பதிவான 'லிட்டில் நைல்ஸ்' தட்டிலும் அவர்தான். 1960இன் 'உஹுரு ஆஃப்ரிகா'விலும் அவர்தான். முப்பது ஆண்டுகள் தள்ளி, 1991இல் பதிவான 'த ஸ்பிரிட்ஸ் ஆஃப் அவர் ஆன்செஸ்டர்ஸ்' தட்டிலும் அவரேதான்.

அரேஞ்சர் என்றால் யார் என்று என்னோடு பகுதிநேரமாக வேலை பார்க்கும் பொள்ளாச்சி மாணவி கேட்டாள். மெட்டு ஒருவருடையதாக இருக்கும். அதைப் பதினாறு, பதினேழு பேர் கொண்ட பேண்டு வாசிக்க வேண்டும் என்றால், சாக்ஸபோன்கள் எங்கே நுழைய வேண்டும், டிரம்பெட்டுகளுக்கு அடியில் டிராம்போன்கள் என்ன சுரம் பிடிக்க வேண்டும், எங்கே எல்லாரும் நிறுத்தி ஒருவரைத் தனியாக விட வேண்டும் என்று ஆளாளுக்குத் தனித்தாளில் எழுதிக் கொடுக்கிறவர் என்று சொன்னேன்.

"சினிமா டைட்டில்ல 'இசை உதவி'ன்னு போடுவாங்களே, அந்த மாதிரியா அக்கா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். இங்கே பல தட்டுகள்ல அதைக்கூடப் போடல."

லிஸ்டன் 1926இல் கன்சாஸ் சிட்டியில் பிறந்தவர். ஏழு வயதில், குழலை முன்னும் பின்னும் இழுத்து ஊதும் டிராம்போனைக் கையில் எடுத்தார். பதினேழு வயதில், 1943இல், லாஸ் ஏஞ்சல்ஸில் ஜெரால்டு வில்சன் பேண்டில் சேர்ந்துவிட்டார். பெண் பாடலாம், பியானோ வாசிக்கலாம், குழல் வாத்தியம் மட்டும் ஊதக்கூடாது என்று நினைத்த காலம் அது. 1938இல் 'டவுன் பீட்' என்ற ஜாஸ் பத்திரிகை, பெண் கலைஞர்கள் ஏன் மட்டமானவர்கள் என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை போட்டது. எழுதியவர் பெயரைப் போடவில்லை. பெகி கில்பர்ட் என்ற சாக்ஸபோன் கலைஞர் அதற்கு மறுப்பு எழுதினார். மறுப்பை அச்சிட்ட பத்திரிகை, பெண்களின் உள்ளாடையை வைத்துக் கேலியாக ஒரு தலைப்பைத் தானே அதன் மேல் சூட்டியது. அவ்வளவு நிதானமாக எழுதிய ஒருவருக்கு அந்த மரியாதைதான் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கில்பர்ட் அசரவில்லை. அறுபத்தொன்பதாவது வயதில், 1974இல், மூத்த பெண் கலைஞர்களைச் சேர்த்துப் புதிதாக ஒரு பேண்டு தொடங்கினார். 102 வயது வரை வாழ்ந்தார்.

லிஸ்டன் 1949இல் பாடகி பில்லி ஹாலிடேயோடு அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போனார். அந்தப் பயணம் பாதியில் படுத்துவிட்டது. கூட்டம் வரவில்லை, கையில் காசில்லை. வெறுத்துப்போய் லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பி, கல்வித்துறை அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். நடுவில் ஹாலிவுட் படங்களில் துணை நடிகையாகவும் தலைகாட்டினார். அங்கே அவர் கையில் கொடுத்தது டிராம்போன் இல்லை, ஹார்ப் என்ற நரம்பு வாத்தியம். நல்ல டிராம்போன் கலைஞர் ஒருவர் இப்படிச் சில ஆண்டுகள் மேடையில் இல்லாமலே போனார்.

அவரைத் திரும்ப இழுத்து வந்தவர் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி. 1956இல் அமெரிக்க வெளியுறவுத் துறை கில்லெஸ்பியின் பேண்டை ஈரான், பாகிஸ்தான், சிரியா, துருக்கி என்று அனுப்பியபோது லிஸ்டனும் அதில் இருந்தார். கில்லெஸ்பி பேண்டுக்காக அவர் நியூயார்க் வந்து இறங்கியபோது, ஒரு பொம்பளையை இங்கிருந்து கலிபோர்னியா வரைக்கும் ஆள் விட்டா கூப்பிட வேண்டும் என்று ஆண்கள் கெட்ட வார்த்தையோடு முணுமுணுத்தார்களாம். கில்லெஸ்பி பேச்சை வளர்க்கவில்லை. கொண்டுவந்த தாள்களை எடுத்துக் கொடு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். லிஸ்டன் எழுதியதை முதல் பார்வையில் அவர்களால் வாசிக்க முடியவில்லை, திணறினார்கள். அதற்கப்புறம் முணுமுணுப்பு அடங்கியது. அந்த பேண்டுக்கு அவர் எழுதியவற்றில் 'மை ரெவரி' எங்கள் நூலகத்தில் இருக்கிறது. மூலம் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் பியானோ இசை. குழல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மெதுவாக ஏறி நிற்பதைக் கேட்டால், முதல் பார்வையில் ஏன் திணறினார்கள் என்று புரியும்.

பயணங்களில் அவரிடம் சட்டைப் பொத்தான் தைத்துத் தரச் சொல்வார்கள், முடி வெட்டிவிடச் சொல்வார்கள். செய்து கொடுத்திருக்கிறார். அந்தச் சாலைகளில் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறை பற்றியும் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இதையெல்லாம் தாண்டி ஒருவர் உட்கார்ந்து, பதினேழு பேருக்கும் பொருந்துகிற மாதிரி சுரம் எழுதியிருக்கிறார்.

1985இல் பக்கவாதம் வந்தது. டிராம்போன் தூக்க முடியாமல் போயிற்று. சக்கர நாற்காலியில் இருந்தபடி கணினியில் எழுதக் கற்றுக்கொண்டார். நான் மேலே சொன்ன 1991ஆம் ஆண்டுத் தட்டு அப்படி எழுதியதுதான். கணினியில் அவர் எழுதிய அரேஞ்ச்மென்டுக்கு நான் கணினியில் ஒரு வரி எழுதுகிறேன் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் கதை கொஞ்சம் வேறு. அவரை யாரும் கேள்விப்படாதவர் என்று சொல்ல முடியாது. எங்கள் வேலை அறைச் சுவரில் 1958இல் நியூயார்க்கின் ஹார்லெமில் ஆர்ட் கேன் எடுத்த அந்தப் புகழ்பெற்ற கருப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. 57 ஜாஸ் கலைஞர்கள் ஒரு வீட்டு வாசற்படியிலும் நடைபாதையிலுமாக நிற்பார்கள். பெண்கள் மூன்றே பேர்: மேரி லூ வில்லியம்ஸ், இன்னொரு பியானோ கலைஞர் மரியன் மக்பார்ட்லண்ட், பாடகி மாக்சின் சல்லிவன். மேரி லூவும் மரியனும் முன்வரிசையில் ஏதோ பேசிக்கொண்டு நிற்கிறார்கள். மரியன் 1978இல் வானொலிக்காகத் தன் 'பியானோ ஜாஸ்' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது முதல் விருந்தாளியாக அழைத்தது மேரி லூவைத்தான்.

ஆனால் கேட்லாக்கில் அவரைப் பிடிப்பது சிரமம். பிறந்தபோது மேரி எல்ஃப்ரீடா ஸ்க்ரக்ஸ். சிறுவயதில், பிட்ஸ்பர்க்கில், மாற்றாந்தகப்பன் பெயரோடு மேரி பர்லி. சாக்ஸபோன் கலைஞர் ஜான் வில்லியம்ஸைக் கட்டியபின் வில்லியம்ஸ். 1930இல் முதல்முறை தனியாகப் பதிவு செய்தபோது தயாரிப்பாளர் 'லூ' சேர்த்தார். ஆண்டி கர்க்கின் பேண்டில் அவர் முதலில் அரேஞ்ச் செய்தபோது சுரம் எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல கர்க் எழுதியிருக்கிறார். சீக்கிரமே தானே எழுதக் கற்றுக்கொண்டு, பென்னி குட்மனுக்கு 'ரோல் எம்', டியூக் எலிங்டனுக்கு 'டிரம்பெட் நோ எண்ட்' என்று கொடுத்தார். இந்தத் தட்டுகளின் முகப்பில் குட்மனும் எலிங்டனும்தான் இருப்பார்கள். மேரி லூவை அடைய 700ஆம் கட்டம்தான் வழி. 1945இல் அவர் தன் பெயரிலேயே 'சோடியாக் சூட்' பதிவு செய்து, அந்த ஆண்டின் கடைசி நாளன்று நியூயார்க் டவுன் ஹாலில் சிறு ஆர்கெஸ்ட்ராவோடு மேடையேற்றினார். பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு பகுதி. அதை நான் 100இல் பதிந்தேன்.

லில் ஹார்டினையும் சொல்ல வேண்டும். 1923இல் கிங் ஆலிவர் பேண்டின் பியானோ. அப்போது அதே பேண்டில், டிரம்பெட் போன்ற கார்னெட்டை இரண்டாம் ஆளாக வாசித்த லூயி ஆம்ஸ்ட்ராங்கைக் கல்யாணம் செய்துகொண்டு, நீ இரண்டாம் ஆளாக இருந்தது போதும் என்று அவரை நியூயார்க்குக்குக் கிளப்பி அனுப்பியவர். ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' பதிவுகளில் பியானோவும் அவர்தான். 1971 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் இறந்தார். அடுத்த மாதம் சிகாகோவில் நடந்த அஞ்சலிக் கச்சேரியில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே லில் பியானோ முன்னாலேயே சரிந்து இறந்துபோனார். அந்தக் காலத்து உறைக் குறிப்புகளில் அவரை ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி என்ற அடைமொழியில்லாமல் பார்ப்பது அரிது.

அப்படி மனைவியாக மட்டும் பார்க்கப்பட்ட இன்னொருவர் ஆலிஸ் கோல்ட்ரேன். டெட்ராய்ட்காரர். 1966இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் குழுவில், பியானோ வாசித்த மெக்காய் டைனரின் இடத்துக்கு வந்தார். 1967இல் கணவர் இறந்தபின் ஹார்ப் வாசித்து, தானே இசையமைத்து அவர் வெளியிட்ட தட்டுகளை விமர்சகர்கள் பல ஆண்டுகள் ஓரமாகவே வைத்திருந்தார்கள். 1971இல் வெளிவந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா' உறையை என் மாணவி கையில் கொடுத்து, இந்த சச்சிதானந்தர் யார் தெரியுமா என்று கேட்டேன். கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த யோகா குரு என்று சொன்னதும், "எங்க அத்தை வீட்டுக்கு அந்த வழியாத்தான் அக்கா போவோம்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நூலகம் என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு இருவருமாக அந்தத் தட்டை முழுசாகக் கேட்டோம். தம்புராவின் ரீங்காரத்துக்கு மேலே பாஸ் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்ற, அதன் மேல் ஹார்ப் கொட்டுகிறது. பிற்காலத்தில் கலிபோர்னியாவில் ஆசிரமம் நடத்திய ஆலிஸின் பெயர் துரியசங்கீதானந்தா. அதையும் அவருடைய பதிவோடு சேர்த்துக் கட்டினோம்.

மார்ச் மாதம் பெண்கள் வரலாற்று மாதம் என்று நூலக வாசலில் தனி அடுக்கு வைப்பார்கள். இந்தத் தட்டுகளை அதற்குத் தரச் சொல்லிக் கேட்டார்கள். சரி என்று கொடுத்தேன். ஆனால் ஏப்ரல் முதல் தேதி அடுக்கைக் கலைத்துவிடுவார்கள். அதனால் பதிலுக்கு ஒன்று கேட்டேன். இந்தப் பெட்டிகளில் உள்ள ஜாஸ் தட்டுகளுக்கு வாசித்தவர், அரேஞ்ச் செய்தவர் எல்லாரையும் 700இல் பதிய நேரம் வேண்டும் என்றேன். மேலதிகாரி யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். கொண்டாட்டம் என்று நான் நம்புவது இதைத்தான்.

இப்போது 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' தட்டில் இருக்கிறோம். மிசிசிப்பியில் பைனி வுட்ஸ் என்ற பள்ளி நிதி திரட்டுவதற்காக 1930களின் கடைசியில் தன் மாணவிகளை வைத்துத் தொடங்கிய பேண்டு. 1941இல் பள்ளியை விட்டுப் பிரிந்து சொந்தக் காலில் நின்றார்கள். பெரும்பாலும் கருப்பினப் பெண்கள். சீன, மெக்சிகோ வம்சாவளிப் பெண்களும் இருந்தார்கள். தென்மாநிலங்களில் விடுதியில் இடம் தர மாட்டார்கள் என்பதால் பஸ்ஸிலேயே தூங்கினார்கள். வெள்ளைக்காரரான ராஸ் க்ரான், போலீஸ் கண்ணில் படாமல் இருக்க முகத்தில் கருமை பூசிக்கொண்டு சாக்ஸபோன் வாசித்தார். 1945இல் ஐரோப்பாவில் இருந்த கருப்பினப் படைவீரர்களுக்காக வாசிக்கப் போனார்கள். போர் முடிந்து ஆண்கள் திரும்பி வந்ததும் வாய்ப்புகள் வற்றின. 1949இல் பேண்டு கலைந்தது.

அவர்கள் வாசித்ததில் தட்டாக வந்தது கொஞ்சம். வானொலிக்காக எடுத்த பதிவுகளைத் தேடிச் சேர்த்து 1984இல் எல்.பி.யாகக் கொண்டுவந்தவர் ரோஸட்டா ரைட்ஸ். ஜாஸிலும் புளூஸிலும் பெண்கள் பதிந்தவற்றை மறுபடி வெளியிடுவதற்காகவே சொந்தமாக ஒரு கம்பெனி நடத்தியவர். உறைக் குறிப்பையும் தானே எழுதுவார். என் வேலையை எனக்கு முன்பே பாதி செய்து வைத்துவிட்டுப் போனவர் என்றுதான் அவரை நினைக்கிறேன். மாணவி வாசிக்க வாசிக்க நான் பதிகிறேன்: டிரம்ஸ், பாலின் பிராடி. டிரம்பெட், டைனி டேவிஸ். டெனர் சாக்ஸபோன், வை பர்ன்சைட். டிராம்போன், ஹெலன் ஜோன்ஸ். சாக்ஸபோன், வில்லி மே வாங். ஒவ்வொருவருக்கும் தனித்தனி 700. இன்னும் நாலைந்து பேர் பாக்கி. அடுத்த பெட்டியில் டோரதி ஆஷ்பியின் ஹார்ப் தட்டுகள் இருக்கின்றன.